கடல் தெரியும் பக்கம்

அன்பு மகளுக்கு,

இத்தாலி ரயில் பயணம் பற்றி மூன்று விஷயங்கள்: 1. இறங்கித் தங்கும் ஊர்கள். 2. அம்மாவின் இருக்கை. 3. மாதம்.

ஜெனோவாவில் உன் வீட்டிலிருந்து எல்லோரும் கிளம்பி, சான்டா மார்கரீட்டாவிலும் மோன்டெரோசோவிலும் தங்கலாம். இது சரிதானா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள். லா ஸ்பெசியா வரை கடல் வலப்பக்கம் வரும் போலிருக்கிறது. ரயில் போகும் திசையைப் பார்த்து அம்மா உட்கார வேண்டும். இப்போதெல்லாம் அம்பத்தூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள்ளேயே வாந்தி எடுத்துவிடுகிறாள்.

மாதம் அக்டோபர். அப்போது அம்மா பயணம் வரலாமா என்று செவ்வாய்க்கிழமை டாக்டரிடமே கேட்டேன். "பார்க்கலாம் சார்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆட்டோவில் திரும்பும்போது, ஸ்வெட்டர் வாங்கிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"இன்னாய்யா நீ, இவ்ளோ படிச்சிகீற! வளையல் கேட்டா எங்க நைனாகூடத்தான் பாக்கலாம்னுவாரு. ஒரு தபாவாவது வாங்கினு வந்தாரா?"

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணாண்ட சொல்லாத. பயந்துடும்."

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ நாளை டிக்கெட் போடப் போவதாகச் சொன்னாய். அதை வேண்டாம் என்று போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாவதாக எழுதியது தவறு, கண்ணு. அக்டோபர் வரை அம்மாவுக்கு நாள் இல்லை. நீங்கள் இங்கே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அப்பா