ஈஸ்டருக்கு முன்னம் ஒரு வெற்றி

அன்புள்ள தொந்தியருக்கு,

தொந்தி வத்திப்போச்சுதெண்டு உன்ர மனுசி யூலியானா சொன்னா. அதுக்காக நான் பெயரை மாத்தமாட்டன். டொக்டர் சொன்ன நாள் கணக்கையும் சொல்லிப்போட்டு போனிலயே அழுதா. அதை விடுவம்.

நேற்று எங்கட பந்தடிக் கழகம் ரசிகர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் வைச்சது. கிரின்ஸ்டெட்டிலயிருந்து தனியத்தான் கார் ஓடிப் போனன். தொடர்ந்து பதினொரு ஆட்டம் தோத்தாச்சு. மனேஜர் பெரிய திரையில படம் போட்டு விளக்கினான். நல்லா விளையாடினவையை எல்லாம் வித்துப்போட்டினம். இனிச் சின்னப் பெடியளை வளர்க்கப் போகினமாம், எங்களை ஐஞ்சு வருசம் பொறுக்கட்டாம். முந்தியும் இதே ஐஞ்சு வருசம்தான் சொன்னவை. நீ வந்திருந்தால் தூசணத்தால கிழிச்சிருப்பாய். எனக்குக் கோவம்கூட வரேல்லை.

கேள்வி இருக்கோ எண்டான். நான் எழும்பி, என்ர அரைகுறை டெனிஷில, "ஈஸ்டருக்கு முன்னம் ஒரு ஆட்டமாவது வெல்லுவியளோ?" எண்டு கேட்டன். மண்டபமே சிரிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சன்.

"ஏன் ஈஸ்டர்?" எண்டான்.

"அப்ப எனக்கு லீவு" எண்டு சொல்லிப்போட்டுக் குந்திட்டன்.

வெளியில வரேக்க வாசல்ல ஒரு பிள்ளை அடுத்த வருச ஆட்டங்களுக்குச் சீசன் காட் பதிஞ்சுகொண்டிருந்தாள். என்ர பக்கத்துக் கதிரை, பதினாறு வருசமா நீ குந்தியிருந்த கதிரை, அது ஆருக்கு எண்டு கேட்டாள். உன்ர பெயரைச் சொன்னன். அவளுக்கு வாயில வரேல்லை, எழுத்தெழுத்தாச் சொல்லச் சொன்னாள். கடைசி எழுத்து வரைக்கும் நிண்டு சொல்லிக் குடுத்திட்டுத்தான் வந்தனான்.

வேறென்ன,
உன்ர பக்கத்துக் கதிரைக்காரன்