சிவப்பு விளக்குக்கு முன்

ஜூன் 3
பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. பேருந்தில் இறங்கும் இடம் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டின் முதல் பட்டதாரியை மைக் முன்னால் உட்கார வைத்த கடவுளுக்குக் குறும்பு அதிகம். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம். கண்ணாடி அறை. சிவப்பு விளக்கு எரிந்தால் நான் பேசுவது பத்து நடைமேடைக்கும் கேட்கும்.

ஜூன் 5
முதலில் வேண்டுதல், பிறகு மைக் சுவிட்ச். ஒரு நாளைக்கு நாற்பது தடவை! கடவுளுக்கே அலுத்திருக்கும்.

ஜூன் 9
அப்பா இன்றும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். இதே நிலையத்தில் மூட்டை தூக்கும்போது விழுந்து கால் முறிந்தது. கட்டுப் பிரித்தாயிற்று. டாக்டர் நடக்கச் சொல்கிறார், இவர் மாட்டேன் என்கிறார். கடவுளிடம் வேண்டிக்கொள்ளலாம் என்றேன்.
"நீ வேண்டிக்கோ. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."
அடுப்படியிலிருந்து அம்மா: "பேசாம இருக்கிறது நீங்கதான். அவரு இல்ல."

ஜூன் 14
போச்சு. எல்லாம் போச்சு. இன்று சுவிட்சை முதலில் போட்டுவிட்டேன். நிலையம் முழுக்கக் கேட்டிருக்கிறது: "கடவுளே, நாக்கு குழறாம பாத்துக்கோ. அப்பாவை நடக்க வை. மேனேஜர் கண்ணுல நான் படவே கூடாது."
மேனேஜர் நாளை வரச் சொல்லியிருக்கிறார். இருந்த ஒரே சம்பளம் இது. படிச்சு என்னத்தக் கிழிச்சேன்?

ஜூன் 15
"நான் என்ன பேயா, பிசாசா?" மேனேஜர் நிமிராமலே கேட்டார்.
"இல்ல சார்."
"இனிமே விளக்கைப் பாத்துட்டு வேண்டிக்கோ." நான் கதவருகே போனதும், "நேத்துதான் உன் குரல் தெளிவா கேட்டுச்சு. அறிவிப்பையும் அப்படியே சொல்லு. யார்கிட்டயோ பேசுற மாதிரி."
கடவுளிடம் நான் கேட்டது ஒன்று. அவர் கொடுத்தது—?

ஜூன் 17
ஓட்டுநர்கள் விடுவதாயில்லை. "பாப்பா, என் பிரேக்குக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு!" "என் மாமியார் கண்ணுல நான் படக் கூடாது, அதையும் சேத்துக்க!" காது சூடாகிவிட்டது.
மாலையில், யாரிடமும் சிரிக்காத நடத்துநர் அக்கா கண்ணாடி இடுக்கில் ஒரு பயணச்சீட்டை நீட்டினார். பின்னால் எழுதியிருந்தது: மகளுக்கு வியாழன் ஆபரேஷன்.
வேண்டிக்கொண்டேன். விளக்கைப் பார்த்துவிட்டுத்தான்.

ஜூன் 20
மகள் நன்றாக இருக்கிறாளாம். அக்கா என் அறைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 22
அப்பாவோடு மூட்டை தூக்கும் மாமா வீட்டுக்கு வந்து போட்டுக்கொடுத்துவிட்டார். "உன் காலுக்கு உன் பொண்ணு மைக்குலயே அப்ளிகேஷன் போட்டுட்டாடா!"
அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா—தெரியவில்லை.

ஜூலை 3
வேலை நிரந்தரமாகிவிட்டது. எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.
நாலு மணிக்கு நிமிர்ந்தால், எதிர் பெஞ்சில் அம்மா, அப்பா, ஊன்றுகோல். அப்பா என்னைப் பார்க்காதது போலவே உட்கார்ந்திருந்தார். வேண்டிக்கொண்டேன், சுவிட்சைப் போட்டேன், பேசினேன். குழறவில்லை.
வீட்டுக்கு மெதுவாக நடந்தோம்.
"விளக்கு எரியிறதுக்கு முன்னாடி உன் உதடு அசைஞ்சுதே."
"ஆமாப்பா."
"அப்பதான் நானும் அவருகிட்ட ரெண்டு வார்த்தை பேசினேன்."
"என்னப்பா பேசினீங்க?"
"அது எங்களுக்குள்ள."