கீழைவாயில் கொப்பரையின் அடுப்பை அணைக்கச் சொன்னது பற்றி

வான் வழங்குக! வயல் விளைக! நான்கு ஆறுகளுக்கும் நாற்பது குன்றுகளுக்கும் உரியவரும், குடிகள் உறங்கத் தாம் விழித்திருப்பவருமான செங்கழனி நாட்டு அரசி வானவல்லி நாச்சியாரின் திருவடிகளில், கோட்டைகளைக் கண்காணிக்கும் அமைச்சன் நக்கன் சேந்தன் வணங்கி விடுக்கும் ஓலை. அரண்மனையும் ஆனைக்கொட்டிலும் நலமே இருக்க. நேற்று இதே சேந்தன் அனுப்பிய ஓலையின்மேல் அரச முத்திரை இன்னும் விழாதிருக்க.

கூகைமலைக் கோட்டைக் கீழைவாயிலின் தலைவன் காரி வயிரவனைப் பதவி நீக்கி, உப்பளத்துக்கு அனுப்பும்படி அவ்வோலையில் எழுதியிருந்தான் சேந்தன். முத்திரை விழுந்த ஆணையை அரசியாரே நினைத்தாலும் மீட்பதில்லை என்பது நாட்டு மரபு. ஆகவே இதைக் கொண்டுவருபவன் முன்னவனை முந்தியாக வேண்டும். நடந்தது இதுதான்.

அரசியாரின் பூட்டனார் காலத்தில் கீழைவாயில் நேராகவே இருந்தது. பகைநாட்டு வேங்கூரார் யானை ஒன்று ஓடிவந்த வேகத்தில் இரு கதவுகளையும் பெயர்த்துக்கொண்டு சந்தைவரை போய்விட்டது. அதன்பின் பூட்டனார் எழுப்பியதே இன்றைய வாயில் மாளிகை. புறக்கதவில் முழநீள இரும்பு முட்கள். உள்ளே எந்த யானையும் ஓட்டம் பிடிக்க இயலாதபடி இருமுறை திரும்பும் இடுக்கு வழி. அதன் முடிவில் உட்கதவு. வழிக்கு மேலுள்ள மாடத்தின் தரையில் பன்னிரண்டு துளைகள். இடுக்கில் சிக்கிய பகைவர்மேல் அவற்றின் வழியே கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவதற்கென, ஓராள் உட்கார்ந்து குளிக்குமளவு பெரிய கொப்பரையும் அங்கே உண்டு.

நேற்று மாலை சேந்தன் மூச்சு வாங்க அந்த மாடம் ஏறினால், போர்க் கொப்பரையில் அதிரசம் வெந்துகொண்டிருந்தது! தலைவன் வயிரவனே இலையில் மாவு தட்டிக்கொண்டிருந்தான். சேந்தனுக்கு நாவில் நீர் ஊறியது. ஊறியதாலேயே சினம் இரட்டித்தது. தேங்கிய எண்ணெய் காறிப்போகும், கிடந்த விறகில் கரையான் ஏறும், நாள்தோறும் பலகாரம் சுட்டால் எண்ணெயும் புதிதாகும், அடுப்பும் ஆறாது, முதல் தலைவன் காலந்தொட்டு இதுவே வழக்கம் என்று வயிரவன் பணிவாகவே விளக்கினான். எதுவும் சேந்தன் காதில் ஏறவில்லை. அரசியாரின் போர்க்கருவியில் பலகாரக்கடை வைத்தான் என்று ஓலை எழுதிக் குதிரையேற்றிய பிறகே உறங்கப் போனான். கொப்பரையைப் பளபளவென்று துலக்கி வைத்திருந்த மேலைவாயில் தலைவனுக்கு முந்தாநாள் பட்டுப் போர்த்தியதையும் மறைப்பதற்கில்லை.

இன்று காலை காவலர் எல்லோரும் பார்க்க வயிரவனின் வாளை வாங்கிக்கொண்டு, அடுப்பை அணைக்கச் சொன்னான். வயிரவன் கேட்டது ஒன்றே, அவன் சொன்னபடியே: "எண்ணெயில போட்ட ஈட்ட மட்டும் எடுத்துட்டு அணைச்சிடறேனுங்க. அரைவேக்காடா கெடந்தா யாருக்கும் ஆகாது." பெரிய மனது பண்ணி அதற்கு இசைந்து, வாளை மடியில் வைத்துக்கொண்டு சேந்தன் பல்லக்கேறினான்.

கோட்டையை விட்டு இரண்டு அம்புத் தொலைவு போயிருக்கமாட்டான். கரும்புக் கொல்லைக்குள்ளிருந்து வேங்கூர்க் குதிரைகள் முந்நூறு வெளிப்பட்டன. பல்லக்குத் தூக்கிகள் தலைதெறிக்கத் திரும்பி ஓடினர். அமைச்சன் உள்ளே வரட்டும் என்று காவலர் புறக்கதவைத் திறந்து வைத்திருக்க, அவன் பின்னாலேயே அவற்றில் நாற்பது குதிரைகள் நுழைந்துவிட்டன. இருமுறை திரும்பும் வழி பல்லக்குக்கும் ஆகாது என்பது அப்போதுதான் சேந்தனுக்கு விளங்கியது. இரண்டாம் திருப்பத்தில் வசமாக மாட்டிக்கொண்டான்.

மேலே, கடைசி ஈட்டுக்காக இன்னும் அணைக்காத அடுப்பில் கொப்பரை. ஊற்றினால் பகைவரோடு சேந்தனும் வெந்திருப்பான். ஊற்ற வயிரவனுக்குக் காரணமும் இருந்தது. சேந்தன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மிகவும் பயந்தான்.

ஒரே ஒரு அண்டா எண்ணெய், முன்குதிரையின் குளம்புக்கு முன்னால் விழுந்து சீறியது. குதிரைகள் மிரண்டன, திரும்ப இடமில்லை. பின்னால் புறக்கதவு அடைபட்டது. பன்னிரண்டு துளையிலும் புகை இறங்க, மேலிருந்து வயிரவன் குரல் கேட்டது: "மிச்சமும் கொதிச்சிட்டுத்தான் இருக்கு. வேலக் கீழ போட்டீங்கன்னா ஊத்தமாட்டேன்." நாற்பது வேல்களும் கீழே விழுந்தன. வெளியே நின்றவர் வந்த வழியே போயினர். பல்லக்கைத் தவிர எதற்கும் சேதமில்லை.

பிறகு சேந்தன் மேலைவாயில் எண்ணெயைச் சோதித்தான். பிசின்போல் உறைந்திருந்தது. விறகைத் தொட்டால் பொடியாய் உதிர்ந்தது. வயிரவனிடம் வாளைக் கொடுத்துக் கைகூப்பினான், வெட்கமாகத்தான் இருந்தது.

இனி எல்லா வாயில்களிலும் நாள்தோறும் அடுப்பெரிய அரசியார் ஆணையிட வேண்டும். முன்னோலையில் முத்திரை விழாதிருப்பின் அதைத் தீயிலிட அருள்க. விழுந்துவிட்டதெனில், ஆணை திரும்ப வேண்டாம். வயிரவன் பெயருள்ள இடத்தில் நக்கன் சேந்தன் பெயரை வரைக. சேந்தன் உப்பளம் போக மூட்டை கட்டி வைத்திருக்கிறான்.

கண்காணி முத்திரை இட்டது. வழிநெடுகக் காவலர் எவரும் இவ்வோலைக்காரனை நிறுத்தற்க. அவன் குதிரை களைத்தால் தம் குதிரையைக் கொடுக்க.