மூன்றாம் மாடி மணல்

ஜனவரி 12, ஞாயிறு

மீன்தொட்டி மணல் மறுபடியும் பழுப்பேறிவிட்டது. போன வாரம்தான் குழாய் வைத்து மேல்மணலை உறிஞ்சி எடுத்தேன். இன்று பார்த்தால் டீக்கடைத் துடைதுணி மாதிரி ஒரு படலம். பவளங்களுக்கு ஒரு குறையுமில்லை. மீன்களுக்கும் இல்லை. ஆனால் நாலடி நீளக் கடல்மீன் தொட்டியில் கண் நேராக மணலுக்குத்தான் போகிறது.

என் மனைவி கேயா கேட்டாள்: “நம்ம வீட்டுத் தரையை என்னைக்காவது இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா?”

நான் குழாயைத் தேடப் போனேன்.

ஜனவரி 19, ஞாயிறு

காலிஃப் தெரு வளர்ப்புமீன் சந்தையில் புதிதாக ஒரு மீன் வாங்கினேன். வெள்ளை உடம்பு, மஞ்சள் தலை. மணலை வாய்கொள்ள அள்ளி, இரையைப் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாகத் துப்புகிறது. நாள் முழுக்க இதே வேலை. “இனிமே மணலைப் பத்தி நீங்க நினைக்கவே வேணாம்” என்றான் கடைக்காரன்.

ஜனவரி 22, புதன்

நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. அங்கிருந்த மணல் முழுவதும் இப்போது வலப்பக்கப் பவளத்தின் தலைமேல். கேயா அதற்குக் காண்ட்ராக்டர் என்று பெயர் வைத்துவிட்டாள். “ஒரு வீட்டைக் கட்டுறதுக்கு அடுத்த வீட்டு வாசல்ல மணலைக் கொட்டுறான் பாருங்க.”

ஜனவரி 30, வியாழன்

சாமந்தா பாபு போன் செய்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர். நான் செயலாளர், அதாவது அவர் சொல்வதை எழுதுகிறவன்.

“நிஷித் பாபு, ஞாயித்துக்கிழமை சரஸ்வதி பூஜைக்கு எங்க சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. பூஜை முடிஞ்சதும் மேலே கூட்டிட்டு வர்றேன். உங்க தொட்டிதான் நம்ம கட்டடத்துக்கே பெருமை.”

பெருமை இப்போது பழுப்பு நிறத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மணலை ஒரேயடியாகச் சுத்தம் செய்துவிட வேண்டியதுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

காலை ஒன்பது மணி. கீழே கார் நிறுத்தும் இடத்தில் பூஜை. கேயா மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் “அஞ்சே நிமிஷம்” என்றேன். நீளக் கம்பை எடுத்து, பாறைக்கடியில் மணலை அடிவரை கிளறினேன். ஐந்து வருஷமாக யாரும் தொடாத மணல். மேலே பழுப்பு, கீழே தார் போலக் கறுப்பு! குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. அப்புறம் அந்த நாற்றம் — கூடை கூடையாக அழுகிய முட்டையை முகத்துக்கு நேரே உடைத்த மாதிரி.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அவற்றைப் பிடித்து வாளியில் விட்டேன். மூச்சு முட்டியது. ஜன்னலைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. எங்கள் சமையலறை ஜன்னலும் கீழ்வீட்டு அக்கா தீபாலி-தியின் சமையலறை ஜன்னலும் ஒரே காற்றுச்சந்துக்குள் பார்க்கும். அந்தச் சந்து போய் முடிவது நேரே பூஜைப் பந்தலில்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டு வேட்டி நுனியால் மூக்கை மூடியிருந்தார். எல்லார் கையிலும் பூ, போடுவதா வேண்டாமா என்று தெரியாமல். சாமந்தா பாபுவின் சம்பந்தியம்மாள் தெருவுக்கே போய்விட்டார்.

“கருவாடு!” என்றார் சாமந்தா பாபு. “பூஜை நாள்ல கருவாடு!”

எல்லாத் தலையும் தீபாலி-தியின் பக்கம் திரும்பியது. அவருடையது எல்லைக்கு அந்தப் பக்கம், கிழக்கு வங்கத்துப் பாரிசாலிலிருந்து வந்த குடும்பம். கருவாடு இல்லாமல் அவருக்கு வாரம் கழியாது. மேற்கு வங்கத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த வாசனை எட்டு வீடு தள்ளி வந்தாலும் தலை வலிக்கும்.

“எங்க வீட்டுல இன்னைக்கு பூஜை வழக்கப்படி ஜோடி ஹில்சா மீன்” என்றார் தீபாலி-தி. “பூஜையன்னைக்கு எவ கருவாடு வறுப்பா?”

“உங்க பக்கத்து ஆளுங்க எதையும் வறுப்பீங்க.”

“எங்க தாத்தா வந்து எழுபத்தஞ்சு வருஷமாச்சு சாமந்தா பாபு. நீங்க இன்னும் ‘உங்க பக்கம்’கிறீங்க.”

கேயா என்னைப் பார்த்தாள். என் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. நான் என்ன செய்தேன்? கண்ணை மூடிக் கும்பிட்டேன். சரஸ்வதி முன்னால்!

மத்தியானம் காண்ட்ராக்டர் செத்துப்போனான். வாளியின் அடியில், வாயில் கொஞ்சம் மணலோடு.

பிப்ரவரி 3, திங்கள்

சாமந்தா பாபு சொல்லச் சொல்ல எழுதினேன்: “துர்நாற்றம் எழுப்பும் உணவுப் பொருட்களைச் சமைப்பதைக் குடியிருப்போர் தவிர்க்கவும்.” கீழே என் கையெழுத்து. நானே கொண்டுபோய்ப் பலகையில் ஒட்டினேன்.

நாள் முழுக்கக் கேயா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “வாயைத் திறக்க மீனுக்கு இருக்கிற தைரியம்கூட உங்களுக்கு இல்ல.”

பிப்ரவரி 6, வியாழன்

மாடிப்படியில் தீபாலி-தி. ஒதுங்கி வழிவிட்டேன்.

“நிஷித், நோட்டீஸ் நீதானே எழுதின?”

“ஆமா தீபாலி-தி… சங்கம் சொல்லி…”

“கையெழுத்து நல்லாருக்கு.”

அவ்வளவுதான். போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

எங்கெங்கோ தேடிப் படித்தேன். இவ்வளவு ஆழமான மணலை அப்படிக் கிளறவே கூடாதாம். அடியில் காற்றில்லாமல் அழுகியது எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிடும். குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக, வாரத்துக்குத் தொட்டியின் கால்வாசி இடத்தில் அடிமணலை, தண்ணீரோடு வெளியே இழுத்துவிட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் படித்திருக்கலாம்.

கேயா வந்து சொன்னாள்: தீபாலி-தியின் தங்கை பத்து நாள் தங்க வந்திருக்கிறாளாம். அக்கா கைக் கருவாட்டுக்காகவே சில்சாரிலிருந்து வந்தவளாம். “தினமும் பருப்பும் உருளைக்கிழங்கும்தானாம். தீபாலி-தி அடுப்புல எண்ணெய் காயவைக்கவே பயப்படுறாங்க. உங்களுக்குத் தூக்கம் வருதா?”

வரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சங்கக் கூட்டம், சாமந்தா பாபு வீட்டு ஹாலில். பதினெட்டுப் பேர். நோட்டீஸை நிரந்தர விதியாக்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன்.

“அன்னைக்கு நாத்தம் என் வீட்டுலேர்ந்து வந்தது. தொட்டி மணல். நான்தான் கிளறினேன். தீபாலி-தி மேல தப்பே இல்ல.”

சாமந்தா பாபு கண்கலங்கி, “பாத்தீங்களா? பெரிய மனசு! அடுத்தவங்க பழியைத் தன் தலையில போட்டுக்கிறார்” என்றார். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

“இல்லைங்க, நிஜமாவே…”

“விடுங்க நிஷித் பாபு. அந்த அழகான தொட்டியிலேர்ந்து அப்படி ஒரு நாத்தம் வருமா? யார்கிட்ட சொல்றீங்க?”

உண்மையைச் சொல்லியும் பொய்யன் ஆனேன். இவர்களை நம்பவைக்க வேறு வழி தெரியவில்லை. மேலே ஓடினேன். பாறைக்கடியிலிருந்து கறுப்பு மணலைக் குழாயால் உறிஞ்சி, கேயாவின் மாங்காய் ஊறுகாய் பாட்டிலில் பிடித்து, இறுக மூடிக் கொண்டுவந்தேன். ஹாலின் நடுவில் டீ மேஜை. அதன்மேல் சமோசா மாதிரியான சிங்காடா அடுக்கிய தட்டு. தட்டுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தேன்.

கூட்டம் கலைய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தலைவர்தான் முதல் ஆளாக வெளியே போனார். அவர் வீடு என்பதையே மறந்துவிட்டார்.

தீபாலி-தி மட்டும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு!

“மூடித் தொலை, நிஷித்! முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்துல ரசாயனம் நடத்தினவ நான். இந்த வாயுவை லேப்ல எத்தனை தடவை செஞ்சு காட்டியிருப்பேன். பூஜையன்னைக்கு மூக்குல ஏறின உடனே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“நான் சொன்னா யாரு நம்பியிருப்பா? நீ சொல்லியே நம்பலையே. ஆனா நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன். பதினாலு நாள் எடுத்துக்கிட்ட.”

நோட்டீஸை நானே கிழித்தேன். செயலாளர் பதவியும் போனது. ஊறுகாய் பாட்டிலை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று கேயா வாசலிலேயே மறித்துவிட்டாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் மறித்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கால்வாசி இடத்தில் அடிமணலை எடுத்தேன். வாளியில் கறுப்புத் தண்ணீர். மீன்கள் நலம்.

மார்ச் 2, ஞாயிறு

இன்னொரு கால்வாசி. கோமாளி மீன் கையைக் கடிக்க வந்தது. நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

நான்காவது பங்கும் முடிந்தது. இப்போது இரண்டு விரற்கடை உயரத்துக்குத்தான் மணல். வெள்ளை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் பழுப்பு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

பதினொரு மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியாகக் கீழ்வீட்டிலிருந்து வந்தது — பூண்டு, மிளகாய், கருவாடு. சந்தேகமே இல்லை. தலை வலித்தது. உடனே போன்.

“நிஷித் பாபு,” என்றார் சாமந்தா பாபு, மூக்கை அடைத்துக்கொண்ட குரலில், “என்ன, இன்னைக்கும் உங்க தொட்டியா?”

வாளியைக் கழுவி, குழாயைச் சுருட்டி மாட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

“ஆமாங்க,” என்றேன். “மன்னிக்கணும். இனிமே ஞாயித்துக்கிழமை கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.”