அக்கா, இப்போது டிரம் கேட்கிறது

என் செல்ல அக்காவுக்கு, வாய் திறக்காமல் பேசுகிறேன்.

அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஒரு வரி எழுதி இரண்டு வரி அடிக்கிறேன். நீ இருந்திருந்தால், "எதுக்குடி அடிச்சி அடிச்சி எழுதுற, பரீட்சையா?" என்று கேட்டிருப்பாய். பரீட்சைக்கு நான் இவ்வளவு பயந்ததில்லை அக்கா. நாளைக் காலையில் உன் பாட்டை அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

சந்தோஷமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டு முடிந்துவிட்டது. நீ பாதியில் விட்டுப்போன அதே பாட்டு. டிரம் கேட்கிறது, கிடாரும் கேட்கிறது, ஒன்றை ஒன்று மிதிக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து, உன்னோடு டிரம் வாசித்த ஸ்டெல்லா அக்கா கேட்டுவிட்டு, "இத நெட்டுல போடும்போது அவளப் பத்தி நீயே நாலு வரி எழுதிக் குடு" என்றார்கள். நாலு வரிக்குள் நீ எங்கே அடங்குவாய்? அதனால் உனக்கே எழுதுகிறேன். கூடவே மற்றவர்களும் படிக்கட்டும்.

அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கோவிச்சுக்காதே. என் அக்கா விழுப்புரத்தில் காலேஜ் படித்தாள். கிடாரும் டிரம்மும் இடி மாதிரி இறங்குகிற மெட்டல் இசை வாசிப்பாள். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் எலெக்ட்ரிக் கிடார் வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. எங்கள் அப்பா மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். காதுகுத்து, கல்யாணம், கூழ் ஊற்றும் திருவிழா என்று எல்லாப் பாட்டும் கேட்டுப் பழகிய அவருக்கே அக்காவின் பாட்டு பிடிபடவில்லை. "என்னம்மா இது, பாட்டா? மில்லு ஓடுற மாதிரி இருக்குது" என்பார். "மில்லு ஓடுனாத்தானப்பா சோறு" என்பாய் நீ.

ஸ்டெல்லா அக்கா வீட்டு மாடியில் டிரம் பதிவு செய்தோமே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய மைக்குகளைத் துணியில் சுற்றி உன் காலேஜ் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினோம். காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்முக்கு முன்னால் ஒரு தலையணை போட்டு, அதன்மேல் ஒரு மைக்கை வைத்தாய். "கட்சிக்காரங்க பேச்சையே கேட்டுக்கினு இருந்திச்சி பாவம். இன்னிக்குத்தான் இதுக்கு நல்ல சத்தம் கேக்குது" என்றாய். சிரித்ததில் ஸ்டெல்லா அக்கா குச்சியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

கிடாரை நம் வீட்டில் வாசித்தாய். பிசகு இல்லாமல் வந்த ஒரே ஒரு வாசிப்பை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தாய். தப்பானதை வைத்திருந்தால் அதுவே பழகிவிடும் என்று சொன்னாய். பிறகு லேப்டாப்பில் அந்த ஒன்றையே காப்பி எடுத்து, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று ஒட்டினாய். இரண்டு கிடார் ஆகிவிட்டது என்று நீயும் நம்பினாய், நானும் நம்பினேன்.

அதைக் கேட்டு ஸ்டெல்லா அக்கா போனில் கத்தியது எனக்கே கேட்டது. "என் டிரம்மு எங்கடி? பக்கத்து ஊட்டுல யாரோ துணி தொவைக்கிற மாதிரி கேக்குது!" நீ டிரம் சத்தத்தை ஏற்றினாய், கிடார் அமுங்கிப்போனது. கிடாரை ஏற்றினாய், டிரம் மறுபடி துணி துவைக்கப் போய்விட்டது. ஏற்றி ஏற்றி லேப்டாப்பில் சத்த அளவு காட்டும் எல்லாக் கோடும் சிவப்பானது. கடைசியில் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. அந்த வருத்தத்தோடுதான் நீ காய்ச்சலில் படுத்தாயா? இதை ஸ்டெல்லா அக்காவிடம் நான் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை.

நீ போன பிறகு உன் லேப்டாப் படிப்புக்கு என்று என்னிடம் வந்தது. ரொம்ப நாள் உன் பாட்டைத் திறக்கப் பயம். திறந்தபோது டிரம்மை நிறுத்திவிட்டு உன் கிடாரை மட்டும் கேட்டேன், உன்னைக் கேட்கிற ஆசையில். அப்போதுதான் பிடிபட்டது. இடது வலது என்று இரண்டு பக்கம் வைத்திருந்தாலும் சத்தம் என் நெற்றிக்கு நேராக, நடுவில் ஒன்றாகவே நின்றது. இரண்டு காதிலும் அச்சு அசலாக ஒரே வாசிப்பு வந்தால் காது அதை ஒரே கிடார் என்றுதான் எடுத்துக்கொள்ளும். டிரம் இருக்க வேண்டிய இடமும் அதே நடுதான். நீ கிடாரைக் கொண்டுபோய் ஸ்டெல்லா அக்கா மடியில் உட்கார வைத்திருந்தாய் அக்கா.

அதே பகுதியை இன்னொரு தடவை கையால் வாசிக்க வேண்டும். எவ்வளவு கவனமாக வாசித்தாலும் இரண்டாவது முறை ஒரு மயிரிழை முன்னே பின்னே விழும். அந்த வித்தியாசத்தால்தான் கிடார் இரண்டு பக்கமும் விரிந்து, நடுவில் டிரம்முக்கு இடம் விடும். ஆனால் இரண்டாவது தடவை வாசிக்க நீ இல்லை.

அப்போ யார்?

எனக்கு உன் கிடாரில் கொஞ்சம்தான் கை ஓடும் என்று உனக்குத் தெரியும். அதற்குள் வீட்டில் வேறு பேச்சு வந்துவிட்டது. பீரோ பக்கத்தில் சாத்தி வைத்த கிடாரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். அப்பா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "அது கண்ணுல பட்டா அவளுக்குச் சோறு எறங்கல. வளவனூரு மியூசிக் சார் கேட்டுக்கினு இருந்தாரு. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கினு போவட்டும்." நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வாசித்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

ஸ்கூல் விட்டு வந்ததும், அம்மா தையல் கடையிலிருந்து வருவதற்குள் பழகுவேன். கிடார் வயரை லேப்டாப்பில் சொருகி ஹெட்போன் மாட்டிக்கொண்டால் வெளியே கம்பியின் டிக் டிக் மட்டும்தான் வரும். ஒருநாள் அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். அடுப்படியிலிருந்து, "ஏய் காவியா, பீரோ பின்னால எலி கொறிக்குதா பாரு" என்றாள். "ஆமாம்மா, பெருசா இருக்கும்போல" என்றேன். மறுநாள் எலிப்பொறி வாங்கி வந்து, தேங்காய்ச் சில்லு மாட்டி, கிடார் காலடியிலேயே வைத்தாள். அதை நகர்த்தி நகர்த்தித்தான் பழகினேன்.

நீ சிரிப்பாய். இதற்குச் சிரிக்க மாட்டாய்: உன் கிடாரின் அடிச்சத்தத்தை, அந்தக் கனத்த பேஸ் சத்தத்தை, வெட்டினேன். தனியாகக் கேட்டால் வயிறு அதிர்கிற சத்தம் அது, உனக்கு அதில்தான் பெருமை. ஆனால் பெரிய டிரம்மின் சத்தமும் அங்கேதான் இருக்கிறது. வெட்டாமல் அது வெளியே வராது. உன் கை வாசித்ததைக் குறைக்க நான் யார் என்று மவுஸைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்டியதும் உன் கிடார் தகர டப்பா மாதிரி ஆகிவிட்டது. பயந்துபோய் டிரம்மைச் சேர்த்தேன். நம்ப மாட்டாய் அக்கா, முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது. டிரம் கீழே தாங்கிக்கொள்ள, உன் கிடார் அதன்மேல் நின்றது.

இன்றைக்கு மயிலத்தில் கல்யாணம். அப்பா செட் கட்டப் போனார், சொந்தக்காரர்கள் என்பதால் அம்மாவும் கூடப் போனாள். வீடு எனக்கே எனக்கு. வாசித்தேன், பிசகியது. மறுபடி வாசித்தேன். விரல் நுனி எரிய எரிய, முதலிலிருந்து கடைசிவரை ஒரு வாசிப்பு வந்தது. உன் காப்பியை எடுத்துவிட்டு அதை வலது பக்கம் வைத்துக் கேட்டுக்கொண்டே கண்ணைத் திறந்தால் அப்பா எதிரில் நிற்கிறார். மறந்துவிட்டுப்போன வயரை எடுக்க வந்திருக்கிறார்.

எனக்குக் கிடாரை மடியிலிருந்து எடுக்கவும் தோன்றவில்லை. அவர் திட்டவில்லை. என் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, "முன்னால இருந்து போடு" என்றார். போட்டேன்.

நின்றபடியே கேட்டார். பிறகு, "பெரியவ எந்தப் பக்கம்?" என்றார்.

"இடதுப்பா."

வலது காதை விலக்கிவிட்டு இடதை மட்டும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் உன்னையே கேட்டார். அப்புறம் மாற்றிப் பிடித்தார்.

"இது யாரு?"

"நான்தான்பா."

"ரெண்டும் ஒண்ணா இல்லியே."

"ஒண்ணா இருக்கக் கூடாதுப்பா. இருந்தா டிரம்மு கேக்காது."

அவர் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். கழற்றும்போது, "டிரம்முக்கு எந்த மைக்கு வச்சீங்க?" என்றார். நம்முடையதுதான் என்றேன். "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா" என்றார். என்னிடம் சொன்னாரா, உன்னிடமா?

அதற்குள் மயிலத்திலிருந்து போன் மேல் போன். வயரைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர், நின்று வேறு நம்பருக்கு அடித்தார். நான் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினார் என்று நினைக்கிறேன். "சார், வணக்கம். நாளைக்கி வர வேணாம் சார். கிடாரு குடுக்கறதுக்கு இல்ல. ஊட்ல வாசிக்கிறாங்க."

வாசிக்கிறாங்க என்றார் அக்கா. வாசிச்சிக்கினு இருந்தா என்று சொல்லவில்லை. எனக்கு அப்போது வந்த பெருமையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. உன்னை நினைத்துப் பெருமை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, என்னை நினைத்தும்தான்.

"அம்மாவுக்கு?" என்றேன்.

"காலைல போட்டுக் காட்டு. நானும் இருக்கேன்."

"அழுதாங்கன்னா?"

"அழுவா. அழுவட்டும்."

அதுதான் பயம். நீ போனதிலிருந்து அம்மா இந்த வீட்டில் ஒரு பாட்டும் கேட்டதில்லை. அவள் உன் பக்கத்தை மட்டும் கேட்பாளா? என் பக்கத்தைக் கேட்டு, இவளும் போய்விடுவாளோ என்று பயப்படுவாளா? நடுவில் டிரம் எவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

தெரியவில்லை. ஆனாலும் போடுவேன். பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன், இன்னொரு நாள் கேட்கிறேன் என்றால் காத்திருப்பேன். ஒளிந்து மட்டும் இனி வாசிக்க மாட்டேன்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். அடுத்த பாட்டு வாசிக்கலாமா என்று ஸ்டெல்லா அக்கா கேட்கிறார்கள். அதில் இரண்டு பக்கமும் நானே இருக்க வேண்டியிருக்கும். இடது பக்கம் உட்காரும்போது எனக்கு அழுகை வரும். வந்தாலும் ஒன்றை வாசித்து மற்றதை ஒட்ட மாட்டேன் அக்கா. இரண்டு தடவையும் முழுசாக வாசிப்பேன்.

இப்படிக்கு,
இந்தப் பாட்டில் உன் வலது பக்கம் இருக்கும் தங்கச்சி,
காவியா