லிஃப்டுக்குள் ஒரு ஜெபம்

பெரியவனுடைய அப்பாவுக்கு ஸ்தோத்திரம். உங்கள் முதுகுவலி தேவலையா? சின்னவளுக்குச் சளி விட்டதா? கர்த்தர் கிருபையால் நான் சுகம். நின்றபடியே துணி தேய்ப்பதால் சாயங்காலமானால் கால்தான் வீங்குகிறது.

இங்கே எங்கள் ஓட்டல் சலவைப் பிரிவில் ஆள் குறைக்கப் போகிறார்களாம். யாரை என்று சொல்லவில்லை. எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறோம்.

செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து நடந்தது, பயப்படாதீர்கள். நானும் மேற்பார்வை பார்க்கிற அக்காவும் போர்வை வண்டியோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டோம். விளக்கும் அணைந்துவிட்டது. எங்களை ஓட ஓட விரட்டுகிற அந்த அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வேறு வழி தெரியாமல் வாய்விட்டு ஜெபித்தேன்.

நான் நிறுத்தியதும் அக்கா, "இன்னும் கொஞ்சம் சொல்லும்மா. நீ யாருகிட்ட பேசுறியோ தெரியல, கேக்க நல்லா இருக்கு" என்றார்.

உங்களுக்காக, பிள்ளைகளுக்காக, கடைசியில் அந்த அக்காவின் மகனுக்காகவும் ஜெபித்தேன். கதவு திறந்து வெளியே வந்தபிறகுதான், என் வேலைக்காகக் கேட்க மறந்தது நினைவுக்கு வந்தது. சிரித்துவிட்டேன். எத்தனையோ வாரமாக நெஞ்சை அழுத்திய பாரம் அப்போது இல்லை.

மறுநாள் அக்கா வழக்கம்போல், "என்ன மடிப்பு இது?" என்று திட்டினார். வேலை நிலைக்குமா தெரியவில்லை. ஆனாலும் அந்தச் சமாதானம் என்னை விட்டுப் போகவில்லை.

ஞாயிறு ஆராதனையில் பாட்டு தொடங்கியதும் எனக்கும் கேட்கும்படி போனைச் சட்டைப்பையில் வைக்காமல் தூக்கிப் பிடியுங்கள். போன வாரம் உங்கள் இருமல் மட்டும்தான் கேட்டது. அதையே கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலைக்குப் போகிற வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் பிள்ளைகளின் அம்மா