கேள்விக்குறி போட்ட ஒன்பது வீடு

அக். 1, 2006, ஞாயிறு

புழுக்கம். மழை வர்ற மாதிரி போக்கு காட்டிட்டு போயிடுச்சு.

சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டுல கூட்டம். பஞ்சாயத்து பிரசிடெண்ட்டுக்கு நிக்கற ரெண்டு பேரும் ஒரே மேடையில. மகளிர் குழு ஏற்பாடு. சிப்காட் கம்பெனி வந்ததுலேர்ந்து போர் தண்ணி மஞ்சளா வருதே, இன்னா பண்ணப் போறீங்க? இதான் கேள்வி. ஒருத்தரு டியூஷன் சார். தண்ணி டெஸ்ட்டு, பைப்லைன், கலெக்டர் ஆபீஸுன்னு விவரமா சொன்னாரு. இன்னொருத்தரு எங்க அண்ணன். "உங்களுக்கெல்லாம் வேல குடுத்தது யாரு?"ன்னாரு. கைதட்டு அவருக்குத்தான். (அண்ணன்னா கூடப்பொறந்தவரா? கான்ட்ராக்டர். சிப்காட் கம்பெனிக்கு ஆள் அனுப்பறவரு. என் முதலாளி.)

எனக்கு சார் பேச்சுதான் புடிச்சுது. இந்த நோட்டுல மட்டும்தான் சொல்ல முடியும்.

அக். 2, திங்கள்

காந்தி ஜெயந்தி. எனக்கு ஏது லீவு. வாங்கணும்: பேனா, கொசுவத்தி.

அண்ணன் ஒரு நோட்டு குடுத்தாரு. வீடு வீடா கேக்கணும். நமக்குன்னா டிக். சாருக்குன்னா பெருக்கல். "இன்னும் முடிவு பண்ணலன்னா கேள்விக்குறி போடு. அவங்ககிட்ட நானே வந்து பேசறேன்."

அத அப்படியே ஊர்ல சொன்னேன். அங்கதான் தப்பு. அண்ணனே வர்றாரான்னு ஜனங்க கேள்விக்குறிய கேட்டு வாங்கிக்கிச்சு.

அக்கா ஊட்ல "சாப்டியாடா?"ன்னு கேக்கும்போதே தட்டுல இட்லி. மாமாவுக்கும் அண்ணன்கிட்டதான் வேல. டிக்கே போட்டுடவான்னேன். அக்காதான், "தோ பாரு, கேள்விக்குறி போடு. நல்லா அழுத்திப் போடு. வரட்டும், இந்த தண்ணியில ஒரு சொம்பு குடுத்து குடிக்க சொல்றேன்." மூணு பேரும் சிரிச்சோம்.

42 வீடு. டிக் 27. பெருக்கல் 6, எல்லாம் சொந்த நெலம் வெச்சிருக்கறவங்க. கேள்விக்குறி 9.

அக். 4, புதன்

தூறல். கம்பெனி கேட்டுல ஆளுங்களுக்கு பாஸ் குடுக்கறது நான். அது இல்லன்னா உள்ள வுட மாட்டாங்க, அன்னிக்கு கூலி இல்ல. இன்னிக்கு கட்டுல ஒன்பது பாஸ் இல்ல. அண்ணனுக்கு போன் போட்டேன்.

"முடிவு பண்ணலன்னாங்க இல்ல? பண்ணிட்டு வரட்டும்."

மாமா வரிசையில ஆறாவது ஆளு. கையில டிபன் பாக்ஸ். "இன்னாடா, என் பாஸ் எங்க?"

சொன்னேன். திட்டல. நாலு வார்த்த திட்டியிருக்கலாம். பஸ்ஸுக்குக் கூட நிக்காம நனைஞ்சுகினே போனாரு.

அண்ணன் ஆபீஸ் போயி கெஞ்சினேன். எங்க அக்கா ஊடுண்ணா. "தெரியும்பா. அதுக்குத்தான் உன்ன அனுப்பினேன். உன்கிட்டன்னா உண்மைய சொல்லுவாங்க."

வேலைய விட்டுடலாமா? வுட்டா மாமாவுக்கு பாஸ் வந்துடுமா? துப்பு கெட்டவன் நான்.

பேனா வாங்கல.

அக். 5, வியாழன்

மறுபடி அதே நோட்டு. ஒன்பது வீட்டையும் கேக்கணும். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எட்டு வீடு டிக்.

அக்கா ஊட்ட கடைசியா வெச்சேன். மாமா செவுத்த பாத்து படுத்துகினு இருந்தாரு. உள்ள தோசை வாசன. அக்கா வாசப்படிய வுட்டு நகரல.

"டிக் போட்டுக்கோ. நல்லா அழுத்திப் போடு."

போட்டேன்.

சாப்டியான்னு கேக்கல.